எங்கள் சந்தில் வரவிருக்கும் தங்கும் விடுதி: அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்தில், பழைய அரிசி மண்டி இருந்த மனையில் தரைத்தளமும் அதன்மேல் ஐந்து மாடிகளுமாக 50 அறைகள் கொண்ட விடுதி கட்ட மனைக்காரர் திட்டமிட்டிருக்கிறார். மனையின் அளவு தெருப்பக்கம் 90 அடி, உள்நோக்கி 120 அடி, ஆக 10,800 சதுர அடி. மேற்கே தெரு; கிழக்கே ஒரு கிடங்கின் ஜன்னலில்லாத சுவர்; தெற்கே ஒரு வணிக வளாகம்; வடக்கே வரிசையாக நான்கு பழைய வீடுகள். வரைபடத்தின் நகலை மனைக்காரரே தெருவாசிகளிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்பதால் அதற்கு நன்றி சொல்லியே தொடங்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்த நான் அந்த நான்கு வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கணக்குகளை மட்டும் யாரும் சரிபார்க்கும்படி எழுதியிருக்கிறேன்.

இது ஓட்டலா, லாட்ஜா?

வேலூரில் இது வெறும் சொல் பற்றிய கேள்வி அல்ல. வரைபடத்தில் 'தங்கும் விடுதி' என்று இருக்கிறது. அறைகளின் அமைப்பைப் பார்த்தால் ஓரிரவு தங்கிப் போகும் பயணிகளை மனத்தில் வைத்து வரைந்தது போலத் தெரிகிறது. ஆனால் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் யார் வந்து தங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து காட்பாடியில் ரயில் இறங்கி வரும் நோயாளிகளும் அவர்களுடன் வந்த குடும்பத்தாரும், பரிசோதனை, அறுவை சிகிச்சைக்கான நாள், மறுபரிசோதனை என்று வாரக்கணக்கில் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் பலர் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நண்பகலில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை வராத லாட்ஜ் சந்து இந்தப் பக்கத்தில் குறைவு. துணியையும் துவைத்து ஜன்னல் கம்பியில்தான் உலர்த்துகிறார்கள்.

புதிய வரைபடத்தில் அடுப்புக்கும் இடமில்லை, துணிக்கொடிக்கும் இடமில்லை. இடமில்லை என்பதற்காக யாரும் சமைக்காமல் இருக்கப் போவதில்லை. படுக்கைக்கும் கதவுக்கும் நடுவே தரையில் அடுப்பை வைத்துச் சமைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே மாடிக்கு ஒன்றாக, காற்றோட்டமுள்ள பொதுச் சமையலறையும், மொட்டை மாடியில் துணி உலர்த்தும் இடமும் வரைபடத்திலேயே வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

விடுதியே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. இந்தத் தெருவின் மருந்துக்கடை, டீக்கடை, தையல்கடை, ஆட்டோ எல்லாமே வெளியூர் நோயாளிகளை நம்பி ஓடுகின்றன. எங்கள் வீடுகளில் இரண்டில் மாடி அறை வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. எங்கள் ஆட்சேபம் கட்டடத்தின் பின்பக்கமும் பக்கவாட்டும் திட்டமிடப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியது. தெருவைப் பார்த்த முகப்புக்கு மூன்று வண்ணப் படங்கள் போட்டுக் காட்டினார்கள்; வடக்குச் சுவருக்கு ஒரு கோட்டுப் படம்கூட இல்லை. ஆண்டு முழுவதும் எங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கப்போவது அந்த வடக்குச் சுவர்தான்.

உயரம் ஏன் சரியாக 60 அடி?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்கட்டடம். அதற்குச் சாலை அகலம், சுற்று இடைவெளி, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் கடுமையாகிவிடும். 60 அடி என்பது 18.29 மீட்டர். ஆகவே கோட்டுக்கு உள்ளே ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறார்கள். இது சட்டத்துக்கு உட்பட்டதே. நானே பலருக்கு இப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. வரம்பும் அப்படியே: மாடிக்கு 3,600 சதுர அடி வீதம் ஆறு தளங்களுக்கு 21,600 சதுர அடி, அதாவது மனையின் சரியாக இரண்டு மடங்கு.

கவனிக்க வேண்டியது மொட்டை மாடியை. படிக்கட்டு அறை, லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை உயரக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் அங்கே தகரக்கூரை போட்டு உணவகம் நடத்தினால் அது ஏழாவது தளம் என்பதில் ஐயமில்லை. இப்போதைய வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை. பிறகும் வராது என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

எங்கள் மொட்டை மாடியில் வெயில் விழுமா?

வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருப்பதால், மார்கழித் தொடக்கத்தில் உச்சிவேளையில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து, தொடுவானிலிருந்து சுமார் 54 பாகை உயரத்தில்தான் நிற்கும். 60 அடிக் கட்டடத்தின் நிழல், 12 அடி உயரத்திலுள்ள எங்கள் மொட்டை மாடித் தளத்தில் கட்டடத்திலிருந்து 35 அடி வரை நீளும். நடுவே விடும் 10 அடி இடைவெளியைக் கழித்தால் எங்கள் மாடியில் 25 அடி நிழல். எங்கள் மாடிகளின் மொத்த நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். மாலை நான்கு மணிக்கு நிழல் வடகிழக்காகத் திரும்பி 100 அடிக்கும் மேல் ஓடும். அப்போது கடைசி வீடும் தப்பாது.

புரட்டாசி தொடங்கிப் பங்குனி முற்பகுதி வரை, உச்சிவேளையில் ஏதோ ஓர் அளவுக்கு நிழல் எங்கள் மாடியைத் தொடும். அக்னி நட்சத்திர நாள்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் அப்போது கட்டடத்தின் நிழல் எங்களுக்குக் கிடைக்காது. வேண்டும்போது இல்லாமலும் வேண்டாதபோது வந்தும் நிற்கும் நிழல் இது. எங்களில் ஒருவர் கடன் வாங்கிச் சூரிய மின்தகடு போட்டிருக்கிறார். அவருக்கு இது ஒவ்வொரு மின் கட்டணத்திலும் தெரியும்.

மேல் இரண்டு மாடிகளை மட்டும் வடபுறம் 10 அடி உள்வாங்கிக் கட்டினால் மார்கழி உச்சிவேளை நிழல் 25 அடியிலிருந்து 15 அடியாகக் குறையும். அதற்கு மூன்று அல்லது நான்கு அறைகளை விட வேண்டியிருக்கும். இதற்கு மனைக்காரர் எளிதில் இணங்குவார் என்று நான் எண்ணவில்லை.

ஏ.சி. வெளி யூனிட்டுகள் எங்கே வரும்?

இந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். கட்டடம் 60 அடிக்கு 60 அடி சதுரம். அதன் நடுவே கிழக்கு மேற்காக ஒரு நடைபாதை. அதன் வடபுறம் ஐந்து அறைகள், தென்புறம் ஐந்து அறைகள். அதாவது ஐந்து மாடிகளிலும் சேர்த்து 25 அறைகளின் ஜன்னல்களும், கழிப்பறைக் குழாய்களும், ஏ.சி. வெளி யூனிட்டுகளும் எங்கள் வீடுகளைப் பார்த்து, 10 அடி இடைவெளிக்குள் அமையும்.

ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று அறையிலிருந்து எடுக்கும் வெப்பத்தோடு தான் எரிக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து, முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 7 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஏழினைச் சூடேற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்தது போல. 25 யூனிட்டுகளும் ஒன்றாக ஓடினால் 175 இஸ்திரிப் பெட்டிகள். இருபக்கமும் சுவர் நிற்கும் 10 அடி இடைவெளியில் அந்தக் காற்றுக்குப் போக்கிடம் எங்கள் ஜன்னல்தான். வேலூர்க் கோடையில் 40 பாகையைத் தாண்டிய பகல் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்தால்தான் பழைய வீட்டில் தூங்க முடியும் என்பது இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு பெரிய செலவு பிடிப்பதன்று. கட்டடம் சதுரமாக இருப்பதால் உள்ளமைப்பைக் கால்வட்டம் திருப்பிவிடலாம். நடைபாதையைத் தெற்கு வடக்காக வைத்தால் ஐந்து அறைகள் மேற்கே தெருவையும், ஐந்து அறைகள் கிழக்கே பின்முற்றத்தையும் பார்க்கும். இரு பக்கமும் 30 அடி திறந்தவெளி இருக்கிறது. கிழக்கே இருப்பது கிடங்கின் வெற்றுச் சுவர், அங்கே யாருடைய தூக்கமும் கெடாது. வடக்கு முனையில் ஒரு படிக்கட்டு, துணிச் சேமிப்பு அறை, துளைச் செங்கல் வைத்த காற்றுப் போக்கிகள் மட்டும் வரும். ஓர் அறைகூடக் குறையாது.

அதற்கு வடிவமைப்பாளர் என்ன சொல்கிறார்?

மேற்கு வெயில் அறைக்குள் வரும் என்கிறார். நியாயமான ஆட்சேபம்; தெருப்பக்க அறைகள் மாலை நேரத்தில் கொதிக்கும். ஆனால் மூன்றடி ஆழத்துக்குச் சன்ஷேடும், பக்கவாட்டில் செங்குத்துத் தடுப்புகளும், சிறிய தாழ்வாரமும் வைத்து அதைத் தணிக்க நம் ஊர்க் கொத்தனாருக்குத் தெரியும். இப்போதைய படத்தில் மேற்கு முகப்பு முழுவதும் கண்ணாடியும் அலுமினியப் பலகையுமாக இருக்கிறது. மாலை வெயிலுக்கு நேரே கண்ணாடியை நிறுத்தினால், அது வாங்குகிற வெயிலில் ஒரு பகுதியை எதிர்வரிசை வீடுகளின் முன்வாசலில் கொட்டும். அந்தக் கண்ணாடிக்கு ஆகும் பணத்தில் சன்ஷேடு போடலாம். பார்வைக்கும், என் ரசனையில், அதுவே மேல்.

படுக்கையறை, கொல்லை எல்லாம் அவர்கள் ஜன்னலில் தெரியுமே?

உள்ளமைப்பைத் திருப்பினால் இந்தக் கேள்வியே எழாது. திருப்பாவிட்டால் வடபுற ஜன்னல்களின் அடிமட்டம் அறைத் தளத்திலிருந்து ஐந்தடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது சாய்ந்த பட்டைகள் வைக்க வேண்டும். திரைச்சீலை போடுகிறோம் என்ற பதிலை ஏற்கவில்லை. திரையை இழுப்பதும் விடுவதும் தங்குபவர் கையில் இருக்கிறது.

ஜெனரேட்டர் சத்தம்?

ஜெனரேட்டரை வடகிழக்கு மூலையில், எங்கள் கடைசி வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் குறித்திருக்கிறார்கள். ஒலித்தடுப்புக் கூண்டுக்கு வெளியே ஒரு மீட்டரில் 75 டெசிபல் என்பது தயாரிப்பாளருக்கான வரம்பு. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை வணிகப் பகுதியில் 55, குடியிருப்புப் பகுதியில் 45, அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 40 டெசிபல் வரைதான் அனுமதி. கூண்டு வைத்தாயிற்று என்பதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது.

புகைக்குழாய்க்கும் கணக்கு உண்டு. கட்டடத்தின் உயரத்துக்கு மேல், ஜெனரேட்டரின் கே.வி.ஏ. திறனுக்கு வர்க்கமூலம் எடுத்து அதை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவுக்குக் குழாய் உயர வேண்டும். வரைபடத்தில் உள்ள 250 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு அது 3.2 மீட்டர், அதாவது விடுதியின் மொட்டை மாடிக்கும் மேலே பத்தடிக்குக் குறையாமல். வரைபடத்தில் குழாய் முதல் மாடியோடு நின்றுவிடுகிறது. மறதியாக இருக்கலாம், ஆனால் புகை மறக்காது.

கீழே தோண்டும்போது எங்கள் சுவர் தாங்குமா?

வீடுகளின் வயதை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அச்சமூட்டுகிறது. எங்கள் வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டிய கல் அடித்தளமும், மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்டவை. இரும்புக் கம்பி கட்டிய தூண் ஏதும் இல்லை. சுவர் சிறிது இறங்கினால் கூரை முழுவதும் அதைச் சொல்லும்.

கணக்கு இதோ. எங்கள் அடித்தளம் நிலமட்டத்துக்குக் கீழே நான்கடி. அவர்கள் கார் நிறுத்தத்துக்காகத் தோண்டப் போகும் நிலவறையின் ஆழம் 12 அடி. வித்தியாசம் 8 அடி. அடித்தளத்தின் பாரம் மண்ணில் 45 பாகைச் சாய்வில் பரவுகிறது என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. ஆகவே 8 அடி ஆழ வித்தியாசத்துக்குக் குறைந்தது 8 அடி தள்ளித் தோண்ட வேண்டும். 10 அடி இடைவெளி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நிலவறைச் சுவருக்கு வெளியே ஆள் நின்று பலகை அடிக்க மூன்றடியாவது கூடுதலாகத் தோண்டுவார்கள். மிஞ்சுவது 7 அடி. பள்ளத்தின் விளிம்பு எங்கள் பாரம் இறங்கும் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் ஒரு மழை பெய்து பள்ளத்தில் நீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் வேலை பார்த்த நாள்களில் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் அந்த வீட்டின் பின்சுவர் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்து, உள்ளே மாட்டியிருந்த நாள்காட்டி அந்த இடுக்கு வழியாகத் தெருவிலிருந்து தெரிந்தது.

நிலவறையைக் கைவிடச் சொல்லியிருக்கிறோம். விதி கேட்கும் கார் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஆனால் பின்முற்றத்தின் 30 அடியிலும் தரைத்தளத்தின் ஒரு பகுதியிலும் அதை அடக்கிவிடலாம் என்பது என் கணிப்பு. காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் வரும் நோயாளிக்குக் கார் நிறுத்தம் எதற்கு என்பது வேறு விஷயம். நிலவறை போனால் தென்புறம் சரிவுப்பாதைக்காக விட்ட 20 அடியும் தேவைப்படாது; கட்டடத்தை ஐந்தடி தெற்கே நகர்த்தி, இருபக்கமும் 15 அடி வைக்கலாம். நிழல், சூடு, பள்ளம் மூன்றுமே அதனால் குறையும். நிலவறைதான் வேண்டும் என்றால், தோண்டுவதற்கு முன் பக்கவாட்டு மண்தாங்கிச் சுவரின் வடிவமைப்பைத் தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பத்துடன் காட்ட வேண்டும். பாறையை உடைக்க நேர்ந்தால் வெடி வைக்கக் கூடாது.

தண்ணீர் போதுமா?

ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது விடுதிகளுக்கான வழக்கமான கணக்கு. 50 அறைக்கு 100 படுக்கை என்றால் 18,000 லிட்டர். மூன்றாவது ஆள் தரையில் பாய் விரிக்கும் நம் ஊர் வழக்கத்தில் அதற்கு மேலும் ஆகும். பாலாற்றில் மணல்தான் அதிகம் தெரிகிற ஆண்டுகளில் இத்தனையும் ஒரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்தால் பக்கத்துக் கிணறுகள் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறோம். மழைநீர்ச் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். வரைபடத்தில் ஒரு குழி காட்டியிருக்கிறார்கள், 10,800 சதுர அடி மனைக்கு அது போதாது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பும் ஏற்பாட்டை வடிவமைப்பாளர் தாமாகவே சேர்த்திருப்பது பாராட்டத் தக்கது.

தீப்பிடித்தால்?

சந்தின் அகலம் 22 அடி. இருபுறமும் இருசக்கர வண்டிகளும் ஒரு தள்ளுவண்டியும் நின்றால் தீயணைப்பு வண்டி வருவதற்கு மிஞ்சுவது பத்தடிச் சொச்சம். தங்குபவர்களில் பலர் நடக்க முடியாதவர்கள் அல்லது அறுவை முடிந்து சில நாளே ஆனவர்கள். லிஃப்ட் நின்றால் ஒற்றைப் படிக்கட்டில் அவர்களை இறக்க முடியாது. இப்போது நடுவில் ஒரு படிக்கட்டே இருக்கிறது. உள்ளமைப்பைத் திருப்பினால் நடைபாதையின் இரு முனையிலும் ஒவ்வொன்று வைக்கலாம். ஆட்டோவும் ஆம்புலன்சும் தெருவில் நிற்காமல் மனைக்கு உள்ளே வந்து திரும்பும்படி முன்புற 30 அடியில் தடை எதுவும் கட்டக் கூடாது.

கோட்டைக்கு அருகில் உயரமாகக் கட்டக் கூடாது என்கிறார்களே?

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம் இதைச் சொல்கிறது. அளவு தொடங்குவது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்திலிருந்தன்று, தொல்லியல் துறையின் பாதுகாப்பு எல்லையிலிருந்து. அந்தத் தூரத்தை வரைபடத்தில் குறிக்கும்படி கேட்டிருக்கிறோம்.

எங்கள் சம்மதம் இல்லாமல் அனுமதி கிடைக்குமா?

கிடைக்கும். விதிகளுக்குப் பொருந்தினால் அனுமதி தருவது மாநகராட்சி, நகர் ஊரமைப்பு அலுவலகங்களின் வேலை. பக்கத்து வீட்டாரின் கையெழுத்து அதற்குத் தேவையில்லை. ஆனால் திட்ட அனுமதி நம் தனிப்பட்ட சட்ட உரிமைகளை அழித்துவிடாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையின்றி வந்துகொண்டிருந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை தருகிறது. சற்றே இருட்டாயிற்று என்பது போதாது. கணிசமான பாதிப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். பக்கத்து நிலம் நம் நிலத்தைத் தாங்கி நிற்கும் உரிமையையும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அது இயல்பு நிலையில் உள்ள நிலத்துக்குத்தான். மேலே வீடு கட்டியபின் வரும் பாரத்துக்குத் தனியாக வாதிட வேண்டும். வழக்குக்கு முன் பேசித் தீர்ப்பதையே நான் விரும்புகிறேன், இந்த மனைக்காரர் பேசக் கூடியவரும்கூட.

அனுமதி பெற்ற வரைபடத்தை எப்படிப் பார்ப்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, தீயணைப்புத் துறைக் கடிதம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எல்லா ஆவணங்களும்' என்று எழுதினால் இழுத்தடிக்க இடமாகும்.

வேலை தொடங்குவதற்கு முன் நாங்கள் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஒவ்வோர் அறையின் நான்கு சுவரையும், கூரையையும், தரையையும், அன்றைய நாளிதழ் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசலை மறைக்க வேண்டாம். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுங்கள். பெரிய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். மனைக்காரரின் பொறியாளரையும் உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலை ஆளுக்கொரு நகலாக வைத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். என் வீட்டில் ஏழு இடங்களில் ஒட்டியாயிற்று. பூஜை அறை மூலையில் ஒட்டியது மட்டும் பழைய மண்டியை இடித்த வாரத்திலேயே உடைந்துவிட்டது, அதன் தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன்.